மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போனவர்

(இரட்டைமலை சீனிவாசன் வாழ்க்கை வரலாறு: எழுதியவர் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர், ஆம்பூர்)



ஆண்டு மலர் என்றால் அதில் ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். காந்தி, காமராஜர், நேதாஜி, அப்துல் கலாம் எல்லோரும் வந்தாகிவிட்டது. இந்த வருஷம் நான் எழுதப்போகிறவரின் பெயரைச் சொன்னதும் எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் யார் அது என்று கேட்டார்கள். மீதிப் பேர் யோசித்துவிட்டு, போஸ்டரில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் இருப்பாரே, அவரா என்றார்கள். அவரேதான். பெயர் இரட்டைமலை சீனிவாசன்.

பிறந்தது செங்கல்பட்டு ஜில்லா மதுராந்தகம் பக்கம் கோழியாளம் என்கிற கிராமம். பிறந்த நாள் ஜூலை 7. வருஷத்தைச் சில புத்தகத்தில் 1859 என்றும் சிலதில் 1860 என்றும் போடுகிறார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எங்க அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ரேஷன் கார்டு கணக்குப்படி ஐந்து மாதம்தான் வித்தியாசம்!

அவர் பிறந்த காலம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தியாவில் அடிமை முறை இருந்ததா என்று நம்மில் பலர் கேட்போம். அடிமை என்றதும் அமெரிக்கா, கப்பல், சங்கிலி, ஆபிரகாம் லிங்கன் இதுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் நம்ம தமிழ்நாட்டிலேயே நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்ற காலம் இருந்தது. 1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் ஐந்தாம் எண் சட்டம் என்று ஒன்று போட்டு, இனிமேல் ஒருத்தர் இன்னொருத்தருக்கு அடிமை என்பதைக் கோர்ட்டு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னது. பிறகு 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் மனிதனை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றம் ஆக்கியது. அமெரிக்காவில் அரசியல் சட்டத்தைத் திருத்தி அடிமை முறையை ஒழித்தது 1865-ல். அதாவது கோழியாளத்தில் சீனிவாசன் சின்னப் பையனாக ஓடி விளையாடிய சமயத்தில்தான் உலகத்தின் இரண்டு பக்கமும் அடிமை என்ற வார்த்தை சட்டப் புத்தகத்தை விட்டுப் போனது.

வார்த்தைதான் போனது. செங்கல்பட்டுப் பக்கம் நிலம் முழுக்க மிராசுதார்கள் கையில். சேரியில் குடிசை போட்டிருக்கும் இடம்கூட குடியிருப்பவனுக்குச் சொந்தம் இல்லை. கூலி போதவில்லை என்று ஒருவன் வாய் திறந்தால் குடிசையைக் காலி பண்ண வேண்டியதுதான். அந்த ஜில்லா கலெக்டர் திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் 1891-ல் இதைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அதன் பிறகு 1892-ல் வந்த அரசாணையால் ஒதுக்கப்பட்டதைத்தான் நாம் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். இந்த ஜில்லாவில், இந்தச் சேரியில் இருந்துதான் ஒரு பையன் பள்ளிக்கூடம் போனான்.

படித்தது கோயம்புத்தூரில். அங்கே ஒரு கலாசாலையில் சுமார் 400 மாணவர்கள். அதில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். யாரோடாவது சிநேகிதம் வைத்தால் உன் வீடு எங்கே, எந்தத் தெரு, உங்க அப்பா யாரு என்று பேச்சு வரும். தெரிந்துவிட்டால் கேவலமாக நடத்துவார்கள். அந்தப் பயத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? காலையில் சீக்கிரமே வந்துவிடுவார். ஆனால் உள்ளே போகமாட்டார். வெளியில் எங்காவது ஒதுங்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்து எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். சாயங்காலம் வகுப்பு விட்டதும் மற்றப் பையன்கள் எட்டிப் பிடித்துப் பேச்சுக் கொடுக்காதபடி வேகவேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். விளையாட்டு இல்லை, அரட்டை இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை நண்பர்களே, படித்த காலம் பூராவும் இப்படி!

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் இது எனக்குத் தெரியாத கதை இல்லை. நான் படித்த ஒரு பள்ளியில் ஸ்காலர்ஷிப் பாரம் வந்தால் வகுப்பில் பெயர் வாசிப்பார்கள். பெயர் வாசித்ததும் எழுந்து நிற்க வேண்டும். என் பக்கத்தில் உட்காருகிற பையன் நிற்கவே மாட்டான். தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருப்பான். அந்த வருஷப் பணம் அவனுக்கு வரவில்லை. அவனுக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று இல்லை. எங்க வீட்டில் நான்தான் முதல் முதலில் பத்தாவது தாண்டியவன். அப்பா டேனரியில் டிரம் போடும் பக்கம் வேலை செய்கிறார். ஷிப்ட் முடிந்து சோப்பு போட்டுக் குளித்து வந்தாலும் பச்சைத் தோல் வாடை முழுசாகப் போகாது. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டு கொஞ்ச நேரம் காலியாகவே இருக்கும். அப்பா என்ன செய்கிறார் என்று காலேஜில் யாராவது கேட்டால் கம்பெனி வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? யாரையும் குறை சொல்லவில்லை. சீனிவாசனும் அந்த வயதில் அதைத்தான் செய்தார். அப்படி ஓடி ஒளிந்த பையன் பிற்பாடு என்ன ஆனார் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

படிப்பு முடிந்ததும் நீலகிரிக்குப் போய் வெள்ளைக்கார வியாபாரக் கம்பெனிகளில் கணக்கு எழுதும் உத்தியோகம் பார்த்தார். 1887-ல் ரங்கநாயகி அம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் சேரியில் பிறந்த ஒருவருக்கு இது பெரிய உத்தியோகம். கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஊட்டிக் குளிரில் நிம்மதியாக இருந்திருக்கலாம். 1890-ல் அதை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தார். வந்ததும் நேரே மேடை ஏறவில்லை. கிராமங்களைப் பற்றி விசாரித்தார், பழைய சரித்திரங்களைப் படித்தார், அரசாங்கம் என்ன உத்தரவு போட்டிருக்கிறது, அது எங்கே நின்றுபோகிறது என்று பார்த்தார். நம்ம பாஷையில் சொன்னால் முதலில் சர்வே, அப்புறம்தான் எஸ்டிமேட்.

அதற்குப் பிறகு பறையர் மகாஜன சபை என்று ஒரு சபை ஆரம்பித்தார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். பத்திரிகைக்குப் பெயர் பறையன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எந்தப் பெயர் தெரிந்துவிடுமோ என்று பயந்து மணி அடிக்கிற வரைக்கும் வெளியில் உட்கார்ந்திருந்தாரோ, அந்தப் பெயரையே பெரிய எழுத்தில் அச்சடித்து, சென்னைத் தெருவில் கூவி விற்க வைத்துவிட்டார்! காரணத்தையும் அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நான் இன்னார்தான் என்று அந்தச் சமூகத்தில் பிறந்த ஒருவன் தைரியமாக முன்னால் வந்து நிற்காத வரைக்கும் அந்தச் சமூகத்துக்கு உள்ள சுதந்திரத்தைக் கேட்டு வாங்க முடியாது என்பது அவர் எண்ணம். மறைத்துக்கொண்டு ஒருவன் தப்பிக்கலாம். மறைத்துக்கொண்டு ஒரு தெருவே தப்பிக்க முடியாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

முதல் இதழ் வெறும் நாலு பக்கம். விலை இரண்டு அணா. அச்சுக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்து ஆன செலவு பத்து ரூபாய். சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றன. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐம்பது ரூபாய் ஆகிறது. கணக்கு எழுதிப் பழகிய மனுஷர் அல்லவா! மூன்று மாதத்தில் மாதப் பத்திரிகை வாரப் பத்திரிகை ஆனது. பிறகு சொந்த அச்சகமும் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த ஒரு ஜனத்துக்கு வாரா வாரம் பத்திரிகை. ஒருவர் படிக்கச் சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். எங்க ஆயாவுக்கு இன்றைக்கும் நான்தான் பேப்பர் படித்துக் காட்டுகிறேன்.

அந்தப் பெயரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எதிர்ப்பு வீட்டுக்குள்ளேயே இருந்தது. சீனிவாசனின் சகோதரியை மணந்தவர் அயோத்திதாச பண்டிதர். அவர் சாதாரண ஆள் இல்லை, சித்த வைத்தியர், பல பாஷை தெரிந்த பண்டிதர். இந்தப் பெயரே மற்றவர்கள் நம்மை இழிவு செய்ய வைத்தது, அதை நாமே ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும், நாம் பூர்வ தமிழர் என்பது அவர் கட்சி. 1907-ல் அவர் ஆரம்பித்த பத்திரிகைக்கு ஒரு பைசாத் தமிழன் என்று பெயர் வைத்தார். பிறகு 1922-ல் எம்.சி.ராஜா சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பழைய பெயர்களுக்குப் பதில் அரசாங்கப் பதிவுகளில் ஆதிதிராவிடர் என்று வர வழி செய்தார். மூன்று பேரும் பெரியவர்கள், மூன்று வழி. எனக்கு எது சரி என்று கேட்டால், சர்ட்டிபிகேட்டில் ராஜா வாங்கிக் கொடுத்த பெயர் இருக்கட்டும். ஆனால் தைரியம் என்று வரும்போது சீனிவாசன் செய்ததற்கு ஈடு கிடையாது.

பத்திரிகை ஆரம்பித்த இரண்டு மாதத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது. ஐ.சி.எஸ். பரீட்சை அப்போது லண்டனில் மட்டும்தான் நடக்கும். அதை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டு, பிரிட்டிஷ் பார்லிமெண்டும் 1893-ல் அதற்குச் சாதகமாக ஒரு தீர்மானம் போட்டிருந்தது. சீனிவாசன் அதை எதிர்த்தார். 1893 டிசம்பரில் சென்னையில் வெஸ்லியன் மிஷன் இடத்தில் கூட்டம் போட்டு, ஒரு மனு தயார் செய்து பார்லிமெண்டுக்கு அனுப்பினார். அதில் 3,412 பேர் கையெழுத்து. மனுவின் நீளம் 112 அடி!

112 அடி என்றால் 34 மீட்டர். நம்ம ஏ1 டிராயிங் ஷீட் நீளம் 841 மில்லிமீட்டர். நாற்பது ஷீட்டை நீளவாக்கில் ஒட்டினாலும் இன்னும் கொஞ்சம் தேவைப்படும். அதில் எத்தனை பேர் பள்ளிக்கூடமே பார்க்காதவர்களாக இருந்திருப்பார்கள்! அதைச் சுருட்டிக் கப்பல் ஏற்றி அனுப்பி, அங்கே பார்லிமெண்டில் ஜெனரல் செஸ்னி மூலமாகச் சமர்ப்பித்தார்கள்.

இந்தியர்களுக்கு வேலை கிடைக்கிற பரீட்சையை ஒரு இந்தியர் எதிர்ப்பதா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. அவருடைய நியாயம் இதுதான். இங்கே பரீட்சை வைத்தால் யார் பாஸ் செய்வார்கள்? நூற்றுக்கணக்கான வருஷமாகப் படிப்பைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள்தான். நேற்று வரைக்கும் சேரியைத் தெருவில் விடாதவர் நாளைக்குக் கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் சேரியின் மனுவை யார் வாங்குவது? இதற்காக அவரை வெள்ளைக்காரன் ஆள் என்று திட்டியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வெள்ளைக்காரனை அவர் ரொம்பவே நம்பினார் என்பது உண்மைதான், அந்த நம்பிக்கை எல்லா இடத்திலும் பலிக்கவும் இல்லை. ஆனால் பசித்தவன் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதைத்தான் தட்டுவான். இந்தியாவிலும் அந்தப் பரீட்சை நடக்க ஆரம்பித்தது 1922-ல்தான்.

பத்திரிகைக்குத் தொல்லைகளும் குறைவில்லை. 1896-ல் அதில் வந்த ஒரு கடிதத்துக்காக வழக்குப் போட்டு, ஆசிரியர் என்ற முறையில் சீனிவாசனுக்கு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். முதல் இதழ் அடிக்கப் பத்து ரூபாய் செலவழித்தவருக்கு நூறு ரூபாய் என்றால் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் பத்திரிகை நிற்கவில்லை, 1900 வரைக்கும் ஏழு வருஷம் வந்தது.

அந்த வருஷம் அவர் லண்டன் போய் நேரிலேயே முறையிடலாம் என்று கிளம்பினார். போய்ச் சேர்ந்ததோ ஆப்பிரிக்கா. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பக்கம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் சொல்வதை இங்கிலீஷில் ஜட்ஜுக்குச் சொல்லும் வேலை. அதே கோர்ட்டுகளில் வக்கீலாக இருந்தவர் காந்தி. தமிழில் மோ.க.காந்தி என்று கையெழுத்துப் போட காந்திக்குச் சொல்லிக் கொடுத்தவர் சீனிவாசன்தான் என்று சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் சுமார் இருபது வருஷம் போய்விட்டது. நாட்டுக்குத் திரும்பியபோது வயது அறுபதைத் தொட்டுவிட்டது. நம்ம கணக்கில் ரிட்டயர்டு ஆகிற வயசு. அவருக்கு அப்போதுதான் முக்கியமான வேலையே ஆரம்பம்.

1923-ல் அவரைச் சென்னை சட்டசபைக்கு நியமன உறுப்பினர் ஆக்கினார்கள். அடுத்த வருஷம், 1924-ல், அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரானாலும் எந்த ஊரிலும் எந்தப் பொதுத் தெருவிலும் சாலையிலும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அரசாங்க ஆபீஸ், ஜனங்கள் கூடுகிற இடம், வியாபாரம் நடக்கிற இடம் எதற்குள்ளும் மற்ற சாதி இந்துக்களைப் போலவே போகலாம், இதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை என்பது அதன் சாரம். சபை ஏற்றுக்கொண்டது. அந்த வருஷமே அரசாணையும் வந்தது.

தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானமா என்று சிரிக்காதீர்கள். அதே 1924-ல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் ஜெயிலுக்குப் போனார். பம்பாய் சட்டசபையில் 1923-ல் இதே மாதிரி ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. அதை நம்பி 1927-ல் மகாத் என்ற ஊரில் பொதுக் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தபோது அடிதடி நடந்தது. ஒரு கை தண்ணீருக்கு!

நம்ம பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம். ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட நம்ம தோல் அந்தக் காலத்திலேயே கப்பல் ஏறி லண்டன் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மிதித்தவர்களில் பெரும்பாலோர் சேரி ஜனங்கள். அவர்கள் கை பட்ட தோல் வெள்ளைக்கார துரை காலில் ஷூவாக லண்டன் தெருவில் நடக்கும். அவர்கள் மட்டும் சொந்த ஊர்த் தெருவில் நடக்க முடியாது. செத்த மாட்டுத் தோல் எல்லாத் தெரு வழியாகவும் வண்டியில் போகும், அதைத் தூக்கிய ஆள் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எங்க ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊர்க் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்களாம். யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால் தண்ணீர், இல்லாவிட்டால் பாலாற்று மணலில் ஊற்று தோண்ட வேண்டியதுதான். அரசாணை வந்து பல வருஷம் கழித்து நடந்தது இது. பாலாற்று ஊற்றுத் தண்ணீர் கதை வேறு ஒரு கட்டுரை, அதை இங்கே எழுத ஆரம்பித்தால் முடியாது.

அப்படியானால் அந்தத் தீர்மானத்தால் என்ன பிரயோஜனம்? நான் இப்படிப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் தெருவில் நடந்தவன் வழக்கத்தை மீறியவன், அடித்தால் கேட்க நாதி இல்லை. அதற்குப் பின்னால் தடுத்தவன்தான் அரசாணையை மீறியவன். அடி இரண்டு சமயத்திலும் விழுந்திருக்கலாம். ஆனால் மனு எழுதும்போது யார் பெயரைக் குற்றவாளி இடத்தில் எழுதுவது என்பது மாறிவிட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அடிமை ஒழிப்புக்காகப் போராடிய சார்லஸ் சம்னர் என்ற செனட்டர் ஒருவர் இருந்தார். 1856-ல் அடிமை முறையை எதிர்த்துப் பேசியதற்காக அவரை செனட் சபைக்குள்ளேயே கைத்தடியால் மண்டை உடைய அடித்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் அவர் ஓயவில்லை. ரயில், சத்திரம், நாடகக் கொட்டகை எல்லாவற்றிலும் கறுப்பர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று மசோதா கொண்டுவந்து, அது சட்டம் ஆவதைப் பார்க்காமலே 1874-ல் இறந்துபோனார். 1875-ல் சட்டம் வந்தது, 1883-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்று தள்ளியது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

1930 நவம்பரில் லண்டனில் வட்டமேஜை மாநாடு கூடியது. இந்தியாவுக்கு என்ன அரசியல் சட்டம் என்று பேசுவதற்கு. தாழ்த்தப்பட்டோர் சார்பில் அழைக்கப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அம்பேத்கர், வயது 39. இன்னொருவர் எழுபது வயது சீனிவாசன். முப்பது வருஷத்துக்கு முன்னால் லண்டனுக்குக் கிளம்பி ஆப்பிரிக்காவில் இறங்கியவர் கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டார்! இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு கோரிக்கைப் பத்திரம் கொடுத்தார்கள். சமக் குடியுரிமை, சட்டசபையில் இடம், அரசு வேலையில் இடம், ஊர் விலக்கு வைத்தால் தண்டனை என்று பல பாதுகாப்புகள் அதில் இருந்தன. பொது இடத்தில் ஒருவரைத் தடுத்தால் தண்டிக்க வேண்டும் என்ற பகுதிக்கு அவர்கள் முன்மாதிரியாகக் காட்டியது எது தெரியுமா? அமெரிக்காவின் 1866, 1875 வருஷத்துச் சட்டங்களை. சம்னர் எழுதி, கோர்ட்டில் தோற்றுப்போன சட்டத்தின் வரிகள் ஐம்பத்தைந்து வருஷம் கழித்து நம்ம சேரிக்காக லண்டனில் மேஜை மேல் வந்து உட்கார்ந்தன.

அந்தச் சமயம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை அவர் சந்தித்ததைப் பற்றிப் பல கதைகள் உண்டு. சட்டையில் பறையன் என்று எழுதிய பட்டை மாட்டிக்கொண்டு போனார் என்றும், கை கொடுக்க வந்த மன்னரிடம் தான் தீண்டத்தகாதவன் என்று சொல்லி ஒதுங்கினார் என்றும் மேடைகளில் பேசுவார்கள். அவர் தன் சரித்திரத்தில் எழுதியிருப்பது அதைவிட அமைதியான ஒன்று. தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்டிருக்கிறார். தெருவில் கீழ்ச்சாதி என்று சொல்லப்படுகிறவன் ஒருவன் விழுந்து கிடந்தால் மேல்சாதிக்காரன் கை கொடுத்துத் தூக்கமாட்டான் என்று இவர் விளக்கியிருக்கிறார். மன்னர் திகைத்து நின்று, தன் ராஜ்யத்தில் அப்படி நடக்க விடமாட்டேன் என்றாராம். ராஜ்யத்தில் நடந்துகொண்டுதான் இருந்தது என்பது வேறு விஷயம். எனக்குப் பிடித்தது அந்த விளக்கம்தான். சாஸ்திரம், சரித்திரம் ஒன்றும் இழுக்காமல், தெரு, விழுந்தவன், நீளாத கை. ஒரு நிமிஷத்தில் புரிய வைத்துவிட்டார்.

1931-ல் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கும் போனார். 1932 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி என்று அறிவிப்பு வந்தது. எரவாடா சிறையில் காந்தி அதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் ஆனது. அம்பேத்கர், எம்.சி.ராஜா ஆகியோரோடு சீனிவாசனும் அதில் கையெழுத்துப் போட்டார். தனித் தொகுதி போனது, அதற்குப் பதில் பொதுத் தொகுதியில் ஒதுக்கீடு. மாகாண சட்டசபைகளில் மொத்தம் 148 இடம், அதில் சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. அது லாபமா நஷ்டமா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. ஹாஸ்டலில் ஒரு ராத்திரி பேச ஆரம்பித்து விடிந்துவிட்டது, முடிவுக்கு வரவில்லை.

அம்பேத்கரிடமும் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. 1935-ல் இந்து மதத்தை விட்டு வெளியேறப் போவதாக அம்பேத்கர் அறிவித்தபோது இவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாம்தான் வர்ணத்துக்கு வெளியே இருக்கிறவர்கள் ஆயிற்றே, உள்ளே இருந்தால்தானே வெளியேறுவதற்கு என்பது அவர் வாதம். மடக்கிப் பேசுவதில் கிழவர் கெட்டிக்காரர்!

அரசாங்கம் அவருக்கு 1926-ல் ராவ் சாகிப், 1930-ல் ராவ் பகதூர், 1936-ல் திவான் பகதூர் என்று பட்டங்கள் கொடுத்தது. 1945 செப்டம்பர் 18-ல் இறந்தார். இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் சுதந்திரத்தையும், இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவையும் பார்த்திருப்பார். அவர் நினைவாக 2000-ல் தபால்தலை வெளியிட்டார்கள். சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. இண்டஸ்ட்ரியல் விசிட் என்று சென்னை போகும்போது கிண்டி வழியாகத்தான் போவோம், ஒரு அரை மணி நேரம் இறங்கிப் பார்க்கலாம்.

அவர் வாழ்க்கையை அவரே சுருக்கமாக எழுதி 1939-ல் ஜீவிய சரித்திர சுருக்கம் என்று புத்தகம் போட்டார். மெல்லிய புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். எழுதும்போது வயது எண்பது. திவான் பகதூர் பட்டம் வந்தாகிவிட்டது, மன்னரைப் பார்த்தாகிவிட்டது, சட்டசபையில் பல வருஷம் உட்கார்ந்தாகிவிட்டது. பழசை மறைத்துவிட்டு, கோயம்புத்தூரில் நன்றாகப் படித்தேன் என்று ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் தாண்டவில்லை. வெளியில் ஒதுங்கி உட்கார்ந்ததையும், மணிக்காகக் காத்திருந்ததையும், பையன்கள் பிடித்துவிடாமல் வேகமாக நடந்ததையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்.